விடுதிக் கதை வாசிக்கக்க உங்களுக்கு ஆர்ர ஞாபகம் வந்த?

தேன்நாட்டுப் புள்ள:
நேத்து ராவு 'நெவர் லெட் மீ கோ' முடிச்சன். இஷிகுரோட நாவல், 2005ல வந்த, கன பேர் வாசிச்சிருப்பீங்க, அதால கதை சொல்லல்ல. குளோனிங், உறுப்பு எடுக்கிற எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், எனக்கு அந்த ஹெயில்ஷம் போர்டிங்தான், அங்க ஒண்டா வளர்ற கூட்டாளிமார் ரூத்தும் கேத்தியும்தான். ரூத் ஒரு பென்சில் கேஸ வச்சிக்கிட்டு ஜெரால்டின் மிஸ் எனக்கு மட்டும் தந்த எண்டு சொல்லாமச் சொல்லுவாளே, அந்த இடத்தில புத்தகத்த மூடி வச்சிட்டன்.

நான் ஏஎல் படிச்ச மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு ஹொஸ்டல்ல. பக்கத்துக் கட்டில் புள்ளதான் எனக்கு எல்லாம், தல பின்னி விடுற, வீட்ட இருந்து வாற கருவாட்டுப் பொரியல் பங்கு போடுற, ஆனா நான் வேற ஆரோடயும் சிரிச்சா ரெண்டு நாளைக்கு முகம் தர மாட்டா. நான் போய் மன்னிப்புக் கேக்கோணும். என்னத்துக்கு எண்டு தெரியாமலே கேப்பன். மத்த கிளாஸ் புள்ள ஒண்டு எனக்கெண்டு நோட்ஸ் கொப்பி குடுத்து விட்டிருக்கு, அது எனக்கு வந்து சேரவே இல்ல, நான் அந்தப் புள்ளயத்தான் ஏமாத்திட்டா எண்டு நினைச்சு கடைசி வர கதைக்கல்ல. சோதினை முடிஞ்சு வீட்ட போற அண்டைக்கு பெட்டி அடுக்கக்க அந்தக் கொப்பி இவட சட்டைகளுக்குக் கீழ கிடந்திச்சு. ரெண்டு பேரும் பாத்தம். அவ ஒண்டும் சொல்லல்ல, துவாய மடிச்சு அதுக்கு மேல வச்சா.

ரூத் கடைசில கேத்திட்டயும், கேத்தி விரும்பின டொமிட்டயும் உங்க ரெண்டு பேரையும் பிரிச்சு வச்ச நான்தான் எண்டு கார்ல வச்சுச் சொல்லுவாளே. எனக்கு அந்தக் கார் இன்னும் வரல்ல. ஆறு வருசம்.

கல்லடி ஓரம்:
எனக்கு 'லுக்கிங் ஃபோர் அலாஸ்கா'. அதுவும் 2005தான். அலபாமால ஒரு போர்டிங் ஸ்கூல், மைல்ஸ் எண்ட பொடியன் அலாஸ்கா எண்ட புள்ளயப் பாத்து உருகுற கதை. வாசிச்ச ஆக்களுக்குத் தெரியும், அவ ராவு குடிச்சிட்டு அழுது அழுது போகோணும் போகோணும் எண்டு நிக்கக்க மைல்ஸும் அவன்ட ரூம் கூட்டாளி கேர்னலும் பட்டாசு கொளுத்தி ஸ்கூல் டீன மறிச்சு வச்சு அவள கார்ல போக விட்டுருவானுகள், அவ திரும்பி வாறல்ல.

அதுல எனக்கு ஓடின எங்கட வாச்சர் ஐயாட முகம். என்ட கூட்டாளிக்கு ஒரு பிள்ளையோட தொடர்பு, அவ சண்டை பிடிச்சா இப்ப வராட்டி நான் ஏதாவது செஞ்சிக்குவன் எண்டு கோல் எடுப்பா, இவனும் ஒவ்வொரு முறையும் பின் மதிலால பாய்வான், நான் முன் கேட்டில நிண்டு ஐயாவோட கிரிக்கட் கதைச்சு அவர அங்கயே வச்சிருப்பன். ஒரு நாள் விடியச் சாமம் வந்தான், மதில்ல பதிச்ச போத்தல் ஓடு கால்ல ஏறி செருப்பெல்லாம் ரத்தம். பைப்படியில நான்தான் கழுவின. லவ் எண்டா இதான் மச்சான் எண்டு சிரிச்சான். நானும் சேந்து சிரிச்சன். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் என்ன விடுதில்ல.

அக்கரைப்பற்று வாசகி:
ராத்தா, ரூத்த இப்படி வில்லியாக்காதீங்க, அவக்கும் உம்மா வாப்பா எண்டு ஆருமே இல்லாத வாழ்க்கதானே, புடிச்சிக்கொள்ள ஒரு ஆள் வேணும். கல்லடி நானா செல்றதும் எனக்குச் சரியாப் படல்ல. மைல்ஸ் அவள ஒரு மனுசியாப் பாக்காம தன்ட கற்பனையப் பாத்துக்கிட்டு இரிந்தான், அந்த நாவலே அதக் கேள்வி கேக்குது. கெடுதி அதுகள்ல இல்ல, ஃபோன்ல வாற தொடர்கள்ல இரிக்கி. என்ட தங்கச்சிக்கு 15 வயசு. ஹொஸ்டல் கதை ஒண்டு வாசிச்சா, அதுல ஹீரோ அவள்ர ஃபோனப் பறிச்சி நம்பர் எல்லாம் அழிச்சிட்டு நீ எனக்கு மட்டும்தான் எண்டுவான். தங்கச்சி அந்த வரியத்தான் வோல்பேப்பரா வச்சிரிந்தா.

ஹொஸ்டல்ல புள்ள விட்டிரிக்கிற ஆக்களுக்கு ஒண்டு செல்லோணும். ஃபோனப் பறிக்காதீங்க, பறிச்சா ஒளிச்சு வாசிக்கும். லீவுக்கு வந்தா மார்க்ஸ் கேக்க முதல் ஆரோட சாப்பிடுற, ஆரோட சாப்பிடாம உட்ட எண்டு கேளுங்க. முந்திக் கூடித் திரிஞ்ச புள்ளைகள்ர பேர் ஒவ்வொண்டாக் குறைஞ்சு ஒரே ஒரு பேர் மட்டும் மிஞ்சினா கவனிங்க. மறுகா வாசிக்கிற கதைய நீங்களும் இரிந்து வாசிங்க, ஏசாம, இவன் இப்படி உன்ட ஃபோன எடுத்தா நீ என்ன செய்வாய் எண்டு கேளுங்க, நான் அப்படிக் கேட்டுத்தான் தங்கச்சி ரெண்டு நாள் கழிச்சி வோல்பேப்பர மாத்தினா. பெரிய பிரச்சினை எண்டா 1929க்கு எடுங்க, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட நம்பர், காசு போகாது, பேரக் கெடுத்துக்குவம் எண்டு பயந்து உட்றாதீங்க.

தேன்நாட்டுப் புள்ள:
தங்கச்சி, நான் ரூத்த வில்லி எண்டு எங்க சொன்ன? அவள்ல எனக்குக் கோவமே இல்ல. அவ சொல்லிட்டா. அதத்தான் நான் எழுதின.

திருக்கோவில் கடற்கரை:
எல்லாரும் பட்ட கதை எழுதுறீங்க. நான் மத்தப் பக்கம்.

சின்னனில லைப்ரரில எனிட் பிளைட்டன்ட போர்டிங் ஸ்கூல் கதை 'மலோரி டவர்ஸ்' முதல் புத்தகம் எடுத்தன், 1946ல எழுதினது, சும்மா பம்பல் கதை எண்டு நினைச்சு. அதுல க்வெண்டொலின் ஒரு புள்ளைட புதுப் பேனைய மிதிச்சு உடைச்சிட்டு, டாரல்தான் உடைச்ச எண்டு காட்ட அவட சப்பாத்தில ஊதா மையப் பூசி வைப்பா. நான் ஒம்பதாம் ஆண்டில ஹொஸ்டல்ல அதே வேலையத்தான் செஞ்சன். என்ட கூட்டாளிட அம்மா குவைத்தில வீட்டு வேலை, மாசத்துக்கு ஒரு கடிதம் வரும். அவ புதுசா வந்த ஒரு புள்ளையோட கூடத் தொடங்கினா. ஒரு கடிதத்த நான் எடுத்து வச்சிட்டு, அந்தப் புதுப் புள்ளைதான் மேசையடியில நிண்டா எண்டு சொன்னன். அவ மூணு நாள் தலகாணி உறையக் கழட்டிக் கழட்டி உதறினா, நானும் பக்கத்தில இருந்து சேந்து தேடினன். புதுப் புள்ளையோட பிறகு ஒருத்தரும் கதைக்கல்ல, அடுத்த தவணை அவ வரவே இல்ல.

கடிதம் இன்னும் என்னட்டத்தான், உடைக்கல்ல. கூட்டாளிட நம்பர் போன மாசம் கிடைச்சிச்சு. ஒவ்வொரு நாளும் எடுத்துப் பாக்கன், அடிக்க ஏலாமக் கிடக்கு.

தேன்நாட்டுப் புள்ள:
அக்கா, எடுங்க. ராவானாலும் பரவால்ல.