கல் படிக்கட்டும் பிராட்வே டிக்கெட்டும்: மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தை வைத்து ‘வில்லி லோமன் துன்பியல் நாயகனா?’ என்ற கேள்விக்கு ஒருமுறையாவது பரீட்சையில் பதில் எழுதியிருப்பீர்கள். அரிஸ்டாட்டில் சொன்னதை நாலு பாயின்டாகப் போட்டு, சோஃபக்ளீஸின் கிரேக்க நாடகத்தில் வருகிற ஈடிபஸ் ராஜா, வில்லி சாதாரண சேல்ஸ்மேன், இருந்தாலும் என்று இழுத்து ஒப்பேற்றிவிடுவோம். அந்த நாடகங்களுக்கு யார் காசு போட்டார்கள், எதிரே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று வகுப்பில் யாரும் பேசியதாக நினைவில்லை. கிரீஸிலோ அமெரிக்காவிலோ பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்களேன். கதைச்சுருக்கம் வேண்டாம், நாடகத்தைச் சுற்றி என்ன இருந்தது என்று சொல்லுங்கள். (வந்த பதில்கள் கீழே.)

* * *

நான் ஏதென்ஸில் நாடகம் பார்க்கவில்லை, இடத்தைத்தான் பார்த்தேன். அக்ரோபோலிஸ் குன்றுக்குப் போகிறவர்கள் உச்சியிலுள்ள பார்த்தினன் கோயிலைப் பார்க்கிற அவசரத்தில் விறுவிறுவென்று மேலே ஏறிவிடுகிறார்கள். தெற்குச் சரிவில், டயோனிசஸ் என்ற மதுக் கடவுளின் பெயரிலான நாடக அரங்கம் வெயிலில் காய்ந்துகொண்டு கிடக்கிறது. முன்வரிசையில் பளிங்கு நாற்காலிகள், யாருக்கான இடம் என்று அதிலேயே எழுத்து வெட்டியிருக்கிறது. நடுநாயகமாக டயோனிசஸின் பூசாரிக்கு ஓர் இருக்கை, அதன் கால்களைச் சிங்கப் பாதமாகச் செதுக்கியிருக்கிறார்கள். (இப்போது நாம் பார்க்கிற கல் வரிசைகள் பெரும்பாலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்தவை. சோஃபக்ளீஸ் காலத்துச் சனம் மரப்பலகையில்தான் உட்கார்ந்தது, அதனால் கல்லைத் தடவி ரொம்ப உருக வேண்டாம்.)

அங்கே நாடகம் என்பது வசந்த காலத்துத் திருவிழாவின் ஒரு பகுதி. எழுதுபவர் நகர அதிகாரியிடம் போய்க் கோரஸ் (கூட்டமாக ஆடிப் பாடுகிற குழு) கேட்க வேண்டும், துன்பியலில் மூன்று பேருக்குத்தான் கிடைக்கும். அந்தக் கோரஸின் பயிற்சி, உடை என்று எல்லாச் செலவும் ஊர்ப் பணக்காரர் ஒருவர் தலையில் விழும்; மனமிருந்தால் கொடுக்கிற நன்கொடை இல்லை அது, கிட்டத்தட்ட வரி. கி.மு. 472ல் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்துக்கு அப்படிச் செலவு செய்தவர், பின்னாளில் ஏதென்ஸின் பெரிய தலைவரான பெரிக்ளீஸ், அப்போது அவர் இளைஞர். ஏதென்ஸின் கை ஓங்கியிருந்த காலத்தில், நாடகங்கள் தொடங்கும் முன் கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பத்தை எல்லோரும் பார்க்கும்படி கொண்டுவந்து வைப்பார்கள். போரில் அப்பாவை இழந்து நகரத்தின் செலவில் வளர்ந்த பையன்கள் கவசம் அணிந்து அணிவகுத்து வருவார்கள். இதையெல்லாம் பார்த்த கையோடுதான் யூரிப்பிடீஸ் எழுதிய ‘ட்ராய் நகரத்துப் பெண்கள்’ மேடைக்கு வருகிறது, கி.மு. 415ல். தோற்ற ஊரின் பெண்களை வென்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிற கதை. அதற்குச் சில மாதம் முன்புதான் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. அதை மனதில் வைத்தே எழுதினாரா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு. பார்த்தவன் மனதில் அது வராமலா இருந்திருக்கும்?

பரிசு தருகிற நடுவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பார்கள். இன்று உலகமே கொண்டாடுகிற ‘மீடியா’ நாடகம் வந்த கி.மு. 431ல் யூரிப்பிடீஸுக்கு மூன்றாம் இடம், அதாவது கடைசி. முதலிடம் பெற்றவர் ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியன், அவருடைய நாடகம் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை.

* * *

கிரீஸில் எபிடாரஸ் என்ற ஊரின் பழைய கல் அரங்கில் நான் நாடகமே பார்த்தேன், ஜூலை மாத இரவு. பகலில் வழிகாட்டிகள் நடுவிலிருக்கும் கல்லில் காசைப் போட்டு, “கடைசி வரிசை வரை கேட்கும்” என்று வித்தை காட்டுவார்கள். 2017ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்து, அது கொஞ்சம் மிகை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நடிகர் தொண்டையைத் திறந்து பேசினால் மேல் படிக்கட்டில் எனக்குத் தெளிவாகவே கேட்டது. எல்லாம் நவீன கிரேக்கத்தில், திரையில் ஆங்கில வரிகள் ஓடின. பக்கத்தில் ஒரு பாட்டி வீட்டிலிருந்தே மெத்தை கொண்டுவந்திருந்தார், திரையைத் திரும்பியே பார்க்கவில்லை, கோரஸ் வரும்போதெல்லாம் பேத்தியின் காதில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்க எனக்கு மொழி இல்லை.

* * *

நியூயார்க் பக்கம் யாரும் எழுதவில்லையே என்று நான் வந்தேன். அக்கா ஏதென்ஸ் பற்றிச் சொன்னதைப் படிக்கும்போது உறைத்த வித்தியாசம்: அங்கே ஒரு நாடகம் ஒரு திருவிழாவுக்காக, பெரும்பாலும் ஒரே ஒரு தடவைக்காக எழுதப்பட்டது. நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சி, டிக்கெட் விற்கிற வரை ஓடும், விற்காவிட்டால் மூட்டை கட்டிவிடுவார்கள். 1949ல் வந்த ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ 742 காட்சி ஓடியது. இப்போது நல்ல இடம் வேண்டுமென்றால் நூறு டாலர் கொடுத்தாலும் போதாது. நான் காலையிலேயே டிக்கெட் ஜன்னலில் வரிசையில் நின்று சலுகை விலையில் வாங்கி, தூண் மறைக்கிற ஓர சீட்டில் உட்காருகிற ரகம். இருட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுதுவிட்டு, விளக்கு வந்ததும் பக்கத்து சீட்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சப்வேக்கு ஓடுவோம்.

ஆர்தர் மில்லருக்கு இந்தக் குறை தெரிந்தே இருந்தது என்று நினைக்கிறேன். ‘எ வியூ ஃப்ரம் த பிரிட்ஜ்’ நாடகத்தை ஒரு கல்லூரி அரங்கில் பார்த்தேன். ப்ரூக்ளின் ரெட் ஹூக் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற எட்டி என்பவன், வீட்டில் ஒளித்து வைத்திருந்த மனைவியின் இத்தாலியச் சொந்தக்காரர்களைக் குடியேற்ற அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கிறான். இத்தாலியர் வருகையை 1924ஆம் வருடச் சட்டம் ஒதுக்கீடு போட்டு நெரித்துவிட்டதால்தான் அவர்கள் திருட்டுத்தனமாக வந்திறங்கினார்கள். சட்டப்படி எட்டி செய்தது சரி, தெருவின் நியாயப்படி துரோகம். நடுவில் ஆல்ஃபியரி என்ற வக்கீல், கோரஸ் போலவே நம்மிடம் பேசிக்கொண்டு, நடக்கப்போவது தெரிந்தும் தடுக்க முடியாமல் நிற்கிறார். அந்தக் கல்லூரிக் காட்சியில் எட்டி போன் பூத்துக்குள் போய் எண்ணைச் சுழற்றும்போது, எனக்கு முன்னால் இருந்த ஒருவர் “வேண்டாம்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கூட்டமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அப்புறம், 1955ல் இது வந்தபோது காட்டிக்கொடுப்பது வெறும் கதை இல்லை. மறுவருடமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு மில்லரைக் கூப்பிட்டு, கம்யூனிஸ்ட் கூட்டங்களில் யாரையெல்லாம் பார்த்தாய், பெயர் சொல் என்றது. அவர் சொல்லவில்லை. 1957ல் தண்டனை, 1958ல் மேல்முறையீட்டில் ரத்து.

* * *

கொரோனா நேரத்தில் 2020 மே மாதம், ‘தியேட்டர் ஆஃப் வார்’ என்ற அமெரிக்கக் குழு ஜூமில் ‘ஈடிபஸ்’ வாசித்ததை மதுரையில் விடிகாலை எழுந்து பார்த்தேன். ஊரில் கொள்ளைநோய், மக்கள் ராஜா வாசலில் வந்து நிற்கிறார்கள் என்றுதான் நாடகமே தொடங்குகிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் அதற்கு உரை தேவைப்படவில்லை. வாசிப்பு முடிந்ததும் பார்த்தவர்கள் பேச வேண்டும், அதுதான் இவர்கள் பாணி. 2008ல் இதே முயற்சியில் போர்வீரர்களின் துயரத்தைச் சொல்கிற சோஃபக்ளீஸின் ‘ஏஜாக்ஸ்’, ‘ஃபிலக்டெட்டிஸ்’ காட்சிகளை சான் டியாகோவில் அமெரிக்க மரைன் படை வீரர்களுக்கு வாசித்தபோது, பேச்சு மூன்று மணி நேரத்துக்கும் மேல் போனதாம். சோஃபக்ளீஸே தளபதியாக இருந்தவர்தானே, கேட்டவர்களிலும் பாதிப் பேர் போர் பார்த்தவர்களாக இருந்திருப்பார்கள்.

* * *

எல்லாம் சரி, ஏதென்ஸை ஒரேயடியாகத் தூக்கி வைக்காதீர்கள். ஊரே நாடகம் நடத்தினால் ஊரே வாயையும் அடைக்கும். ஏதென்ஸுக்கு உறவான மைலீட்டஸ் நகரத்தைப் பாரசீகர்கள் அழித்ததை ஃப்ரைனிகஸ் என்ற நாடகாசிரியர் நாடகமாகப் போட, அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவுபடுத்தினான் என்று அவருக்கு 1,000 டிராக்மா அபராதம், இனி யாரும் அதைப் போடக்கூடாது என்று தடை வேறு. வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அமெரிக்காவும் ஒருமுறை அரசுக் காசில் நாடகம் நடத்தியது. 1935ல், வேலையில்லாத நடிகர்களுக்காக, ஹாலி ஃப்ளானகன் தலைமையில் ‘ஃபெடரல் தியேட்டர்’. டிக்கெட் மலிவு, பல இடங்களில் இலவசம். 1938 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தபோது, ஸ்டார்ன்ஸ் என்ற உறுப்பினர், மார்லோ என்பவர் (ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர்!) கம்யூனிஸ்டா என்று விசாரித்துவிட்டு, “மிஸ்டர் யூரிப்பிடீஸ்” மேலும் வர்க்க உணர்வைப் பரப்பிய குற்றம் உண்டல்லவா என்று கேட்டார். கிரேக்க நாடகாசிரியர்கள் எல்லோர் மேலும் அந்தக் குற்றச்சாட்டு உண்டு என்று அம்மையார் பதில் சொன்னார். 1939 ஜூன் 30ஆம் தேதியோடு பணத்தை நிறுத்திவிட்டார்கள்.