1000 சதுர அடி வீடு கட்ட எவ்வளவு ஆகும்? இரண்டு பேர் இரண்டு ரேட் சொல்கிறார்கள், அவசரம்

புதுமனை:
வணக்கம். 1000 சதுர அடியில் வீடு கட்டப் போகிறோம். ஒருத்தர் சதுர அடிக்கு 2150 சொல்கிறார், இன்னொருத்தர் 2600 சொல்கிறார். இரண்டு பேருக்குமே ஊரில் நல்ல பெயர்தான். 450 ரூபாய் வித்தியாசம் என்றால் மொத்தத்தில் நாலரை லட்சம் போகிறது. 2150 சரியான ரேட்தானா, இல்லை 2600காரர் தலையில் மிளகாய் அரைக்கிறாரா? ஆவணிக்குள் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட வேண்டும் என்று அப்பா நிற்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

சரள்மேடு:
எந்த ஊர்? தரைத்தளம் மட்டுமா, மாடியும் உண்டா? மெட்டீரியலோடு சேர்த்தா, கூலி மட்டுமா? மனை எத்தனை சென்ட்?

கட்டுக்கம்பி:
கூலி மட்டும் 2150 என்றால் அங்கிருந்து ஓடிவந்துவிடுங்கள் :)

பழைய பொறியாளர்:
வாரம் ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்பது வழக்கமாகிவிட்டது. வயிறு வலிக்கிறது, ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால் எந்த டாக்டர் பதில் சொல்வார்? பிளான் இல்லை, மண் என்னவென்று சொல்லவில்லை, கடைக்கால் (அஸ்திவாரம்) ஆழம் தெரியவில்லை. தோராயமாக வேண்டுமென்றால், பில்லர் வைத்த சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமென்ட், மூன்றரையிலிருந்து நாலு கிலோ கம்பி. 1000 சதுர அடிக்கு 400 மூட்டை, 4 டன். இதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதலில் நான்கு பக்கம் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

கட்டுக்கம்பி:
சார், அவர் அவசரத்தில் கேட்டிருக்கிறார். பாவம், விடுங்கள்.

சொந்தமாகக் கட்டினேன்:
இந்தச் சதுர அடி ரேட்டுக்குள்ளேயே போகாதீர்கள் நண்பரே. லேபர் கான்ட்ராக்ட் விட்டுவிட்டு மெட்டீரியலை நீங்களே வாங்குங்கள். கம்பியை ஆலை எடையில் இறக்கலாம், எம் சாண்ட் லாரியில் எத்தனை யூனிட் வருகிறது என்று டேப் வைத்து அளக்கலாம். சொந்த வீட்டுக்குக் கூலி மட்டும் தனியாக விட்டால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. முழு கான்ட்ராக்ட் என்றால் பில்லில் 18 சதவீதம் வரும்.

பழைய பொறியாளர்:
மெட்டீரியலுக்கு ஜிஎஸ்டி கட்டித்தானே வாங்குவீர்கள்? ஏதோ மொத்தமாகத் தப்பித்த மாதிரி எழுதுகிறீர்கள்.

சொந்தமாகக் கட்டினேன்:
கூலிக்குக் கிடையாது என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்னொரு முறை படித்துப் பாருங்கள் சார்.

கட்டுக்கம்பி:
லேபர் கான்ட்ராக்ட் என்றால் தினமும் சைட்டில் ஒருவர் நிற்க வேண்டும். காலை பத்து மணிக்குக் கொத்தனார் போன் பண்ணி "அண்ணே, கட்டுக்கம்பி தீர்ந்துபோச்சு" என்பார். வேலைக்குப் போகிறவரால் ஆகாது. அப்புறம், அந்த இரண்டு எஸ்டிமேட்டும் எப்போது வாங்கியது? 2025 செப்டம்பர் 22-லிருந்து சிமென்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முன்னால் எழுதிய தாள் என்றால் மறுபடி கேளுங்கள்.

ஈசானியம்:
எல்லாம் சரி, சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, எந்த மூலையில் வருகிறது? வடகிழக்கில் வராவிட்டால் என்ன செலவு செய்தும் பிரயோஜனம் இல்லை.

புதுமனை:
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். கோவில்பட்டி பக்கம். 4 சென்ட், 33-க்கு 53 மனை. தரைத்தளம் மட்டும்தான். இரண்டுமே மெட்டீரியலோடுதான், இந்த மாதம்தான் வாங்கினோம். பேங்க் லோன் போடுகிறோம். எஸ்டிமேட் தாளில் இருப்பது இதுதான்:

2150காரர்: வீடு 1000, போர்டிகோ 110, மாடிப்படி ஹெட்ரூம் 90, மூன்றுக்கும் முழு ரேட். சம்ப் 6000 லிட்டர், செப்டிக் டேங்க் 5000 லிட்டர், இரண்டும் தனி, லிட்டருக்கு 20. பேஸ்மென்ட் (மண் மட்டத்திலிருந்து வீட்டுத் தரை வரை உயரம்) 2 அடி. வானம் 5 அடி, அதற்கு மேல் தோண்டினால் எக்ஸ்ட்ரா. டைல்ஸ் சதுர அடி 45 ரூபாய் வரை.

2600காரர்: போர்டிகோவுக்குப் பாதிக் கணக்கு, ஹெட்ரூம் முழு ரேட். அதே அளவு சம்ப், செப்டிக் டேங்க் ரேட்டுக்குள்ளேயே. பேஸ்மென்ட் 3 அடி. வானம் 7 அடி. டைல்ஸ் 70 வரை.

காம்பவுண்ட் சுவர் இரண்டு பேரிடமும் தனி. ஒரு ஓட்ட அடிக்கு 1300 என்கிறார்கள்.

சரள்மேடு:
இதை முதலிலேயே போட்டிருக்கலாமே! சரி, கணக்கைப் பாருங்கள்.

2150காரர் 1200 சதுர அடிக்குக் காசு வாங்குகிறார், 1000-க்கு அல்ல. 25,80,000. சம்ப் 1,20,000. செப்டிக் டேங்க் 1,00,000. ஆக 28,00,000.

2600காரர் கணக்கில் 1000 + 55 + 90 = 1145 சதுர அடி. அது 29,77,000. இதற்குள் சம்பும் செப்டிக் டேங்கும் வந்துவிட்டன.

நாலரை லட்சம் வித்தியாசம் என்று நினைத்தது 1,77,000-தான். அந்தப் பணத்துக்கு என்ன வருகிறது? பேஸ்மென்ட் ஒரு அடி கூடுகிறது. 1000 சதுர அடியில் ஒரு அடி உயர்த்த 1000 கன அடி, அதாவது 10 யூனிட் சரள் கொட்ட வேண்டும். திமிசு போட்டு இடித்தால் இறங்கும், அதனால் அதற்கு மேலேயே பிடிக்கும். சுற்றுச்சுவர் உயர்வு, கூலி எல்லாம் தனி. டைல்ஸில் 25 ரூபாய் வீதம் 25,000. மீதிப் பணம், கூடுதலாகத் தோண்டும் இரண்டு அடி வானத்துக்கும் கடைக்காலுக்கும் போகும். என் கணக்கில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே விலைதான் சொல்கிறார்கள். 2150காரர் பின்னால் வாங்கப் போவதை 2600காரர் முன்னாலேயே கேட்கிறார், அவ்வளவுதான்.

காம்பவுண்ட்: சுற்றளவு 172 அடி. கேட்டுக்குப் 10 அடி போனால் 162. 1300 வீதம் 2,10,600. இதை யாருக்குக் கொடுத்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்வெல், இபி கனெக்ஷன், மாடுலர் கிச்சன், மொட்டை மாடியில் கூலிங் டைல்ஸ் ஆகியவை தாளில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஆனால் கோவில்பட்டி என்றால் கரிசல் மண்தானே? அப்படியென்றால் ரேட்டை விட அந்த "5 அடிக்கு மேல் எக்ஸ்ட்ரா" என்ற வரிதான் உங்களுக்குப் பெரிய செலவு வைக்கும்.

பழைய பொறியாளர்:
இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறீர்கள். கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி சித்திரையில் அந்தக் காட்டில் போய்ப் பாருங்கள், வெடிப்புக்குள் கை மணிக்கட்டு வரை இறங்கும். அதே இடம் ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும். வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இந்த ஆட்டத்தால் வருவதுதான். 5 அடியா 7 அடியா என்று மேஸ்திரி முடிவு செய்யக் கூடாது, மண் பரிசோதனை சொல்ல வேண்டும். ஆட்டம் இல்லாத ஆழம் வரை இறங்கி, அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போடுவதுதான் முறை. இந்தியத் தர விதியான ஐஎஸ் 2911-இன் மூன்றாம் பகுதி முழுக்க அதைப் பற்றியதுதான்.

தாத்தா வீடு:
இந்தப் பில்லர், பைல் எல்லாம் இன்ஜினியர்கள் கிளப்பிவிட்டது. எங்கள் தாத்தா கருங்கல் கடைக்கால் போட்டு 9 இன்ச் சுவரில் கட்டிய வீடு இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. தரைத்தளம் மட்டும் கட்ட எதற்குப் பில்லர்? கம்பிக் கடைக்காரர் பிழைக்கவா?

பழைய பொறியாளர்:
தாத்தா வீடு எந்த ஊரில்?

தாத்தா வீடு:
தென்காசி பக்கம்.

பழைய பொறியாளர்:
செம்மண்ணா?

தாத்தா வீடு:
செம்மண்தான். நாலு அடியில் பாறை தட்டும். அதனால் என்ன? கட்டுகிற முறை ஒன்றுதானே.

கட்டுக்கம்பி:
அண்ணே, அதுதான் எல்லாமே :) நல்ல மண்ணில் பில்லர் இல்லாமல் சுவர் தாங்கும் வீடு கட்டுவது தப்பே இல்லை, செலவும் குறையும். கரிசலில் அதே வீட்டைக் கட்டினால் இரண்டு மழையில் சுவர் பேசும்.

சொந்தமாகக் கட்டினேன்:
எங்கள் பக்கம் கரிசல்தான். வானம் தோண்டி மணல் நிரப்பி, அதன்மேல் பில்லர் எழுப்பி, தரை மட்டத்தில் பீம் சுற்றி ஓட்டினோம். பைல் போடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. இதுவும் லேபர் கான்ட்ராக்ட்தான், சொல்லிவிட்டேன்.

பழைய பொறியாளர்:
எத்தனை அடிக்குக் கரிசல்? அதற்குக் கீழே என்ன இருந்தது? அது தெரியாமல் "எங்களுக்கு நன்றாக இருக்கிறது" என்பது அவருக்கு எப்படி உதவும்?

சொந்தமாகக் கட்டினேன்:
உங்களுக்கு எதைச் சொன்னாலும் குற்றம்தான்.

வரைபடம்:
சண்டை நடுவில் இரண்டு விஷயம். ஒன்று, அனுமதி. 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் மனை சுமார் 1750-தான் வருகிறது, அதனால் அனுமதிக்காக நாள் தள்ளிப்போகாது. கட்டணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, பேங்க். பேங்குக்குக் கொடுக்கும் எஸ்டிமேட் லோன் தொகைக்கு ஏற்ற மாதிரி எழுதப்படுவது. அதை உண்மையான செலவென்று நம்பிவிடாதீர்கள். பேங்க் பேஸ்மென்ட், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் பீம்), தளம், பூச்சு என்று வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம் விடும். மேஸ்திரியோ ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னாலேயே கேட்பார். ஒப்பந்தத்தில் அவருக்குக் கொடுக்கும் கட்டங்களை பேங்க் கட்டங்களோடு பொருத்தி எழுதுங்கள், இல்லையென்றால் நடுவில் நகைக்கடன்தான். தளம் போட்டதும் பெரிய செலவு முடிந்தது என்று எல்லோரும் நினைப்பார்கள். பூச்சு, டைல்ஸ், கதவு, ஒயரிங், பிளம்பிங், பெயின்ட் என்று கிட்டத்தட்ட பாதிப் பணம் அதற்குப் பிறகுதான் போகும்.

ஈசானியம்:
சம்ப் மூலை பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தாத்தா வீடு:
தென்காசிக்கு வந்து பாருங்கள் என்கிறேன், யாரும் வர மாட்டீர்கள்.

புதுமனை:
எல்லோருக்கும் நன்றி. சரள்மேடு அண்ணன் கணக்கை அப்பாவிடம் காட்டினேன். மண் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டோம். ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பேரிடமும் ஒரே பிளானுக்கு, ஒரே ஆழத்துக்கு மறுபடி எஸ்டிமேட் கேட்கப் போகிறோம். ஆவணி நடக்காது, தையில் பார்க்கலாம் என்று அப்பாவும் இறங்கி வந்துவிட்டார். சம்ப் வடகிழக்கில்தான் வருகிறது.

ஈசானியம்:
நல்லது தம்பி.

பழைய பொறியாளர்:
எந்த ஆழத்தில் மாதிரி எடுக்கிறார்கள்? மேலே ஒரு குழி தோண்டி மண்ணை அள்ளிக்கொண்டு போனால் ஒப்புக்கொள்ளாதீர்கள். துளை போட்டு மூன்று மீட்டருக்கும் கீழே போகச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் உப்பும் தன்மைக்கான சோதனை இருக்கிறதா என்றும் பாருங்கள். வந்ததும் இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.