வெட்டுப்புள்ளி வரும்வரை மூன்றாம் தரத்துக்குப் படிப்பதா, காலிக்குப் பெட்டி கட்டுவதா?

சுன்னாகம்_பயோ:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2024 உயர்தரம், வெள்ளத்தால் இடையில் நின்று பிறகு நடந்ததே, அந்தச் சோதனையை உயிரியல் பிரிவில் இரண்டாம் தரமாக எழுதினேன். சித்திரைக் கடைசியில் பெறுபேறு வந்தது. இசட் புள்ளியை நல்லது என்றும் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். போன முறை யாழ் மாவட்டத்தாருக்கு யாழ் மருத்துவ பீடம் நின்ற வெட்டுப்புள்ளிக்கு (கடைசியாக எடுபட்டவரின் இசட் புள்ளி) கீழே, கடைசியாக நின்ற மருத்துவ பீடத்துக்கு மேலே. அதுவும் மூன்றாம் தசமத்தில்தான் வித்தியாசம். விருப்பு ஒழுங்கில் யாழ்ப்பாணம், பேராதனை, மட்டக்களப்பு என்று தொடங்கி எல்லா மருத்துவ பீடத்தையும் போட்டுவிட்டேன். ரியூசன் சேர் பார்த்துவிட்டு "வந்தால் காலிதான் வரும்" என்கிறார், அதாவது தெற்கே காலியில் இருக்கிற றுகுணு பல்கலைக்கழக மருத்துவ பீடம்.

பிரச்சினை என்னவென்றால் மூன்றாம் தரத்துக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று, கார்த்திகையில் சோதனை. புத்தகத்தை எடுத்தால் கிடைத்துவிடும், இதெல்லாம் ஏன் என்று தோன்றுகிறது. மூடி வைத்தால் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நெஞ்சு அடிக்கிறது. நல்லூர் கொடியேறியதிலிருந்து வீதியில் காண்கிற ஆட்கள் எல்லாம் "என்ன பிள்ளை, கம்பஸ் கூப்பிட்டாச்சோ" என்று கேட்பதால் திருவிழாப் பக்கமே போகாமல் இருக்கிறேன்.

காலி என்ற பேச்சை எடுத்தாலே அம்மா அழத் தொடங்கிவிடுகிறா. எங்கள் வீட்டில் ஒருவரும் கொழும்பைத் தாண்டித் தெற்கே போனதில்லை. எனக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குக்கூட வராது. அப்பாவோ, அங்கே ஒரு வீடு எடுத்து அம்மாவும் கூடப் போய் இருக்கட்டும் என்கிறார். மூன்றாம் தரத்துக்கு முழுமூச்சாகப் படிப்பதா? காலி உண்மையில் எப்படி? இப்பவே றூம் தேட வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "எல்லாம் நல்லபடி நடக்கும்" என்று மட்டும் எழுத வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

பேராதனைப்_பொடியன்:

படியும் தங்கச்சி. வேறு பதில் இல்லை.

இசட் புள்ளி என்பது அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதியவர்களின் சராசரியிலிருந்து நீர் எவ்வளவு தள்ளி நிற்கிறீர் என்ற கணக்கு, மூன்று பாடத்தையும் கூட்டி மூன்றால் பிரித்தது. போன வருடத்து ஆட்கள் வேறு, வினாத்தாள் வேறு, போட்ட விருப்பு ஒழுங்குகளும் வேறு. அந்த இலக்கத்தோடு மூன்றாம் தசமத்தை ஒப்பிட்டு நித்திரையைக் கெடுப்பதில் ஒரு பயனும் இல்லை. விளிம்பில் நிற்கிறவர் எந்தப் பக்கம் விழுவார் என்று ரியூசன் சேருக்கும் தெரியாது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பட்டியல் போடும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. கிடைத்தால் படித்தது நட்டமா? இரசாயனமும் உயிரியலும் முதல் வருடத்தில் உயிர் இரசாயனமாகவும் உடற்றொழிலியலாகவும் திரும்பி வரும். பௌதிகம் மட்டும்தான் கொஞ்சம் வீண், அதையும் நான் சொன்னதாகச் சொல்லாதேயும்.

ஓய்வு_வாத்தியார்:

பிள்ளை, வெட்டுப்புள்ளி எப்படி விழுகிறது என்று விளங்கினால் பாதிப் பயம் போய்விடும். மருத்துவம் மாதிரியான துறைகளில் 40 வீத இடம் முழு இலங்கைக்கும் பொதுத் திறமைப் பட்டியலில் போகும், 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பிரியும், மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. யாழ் மாவட்டத்திலிருந்து யுத்த காலத்தில் சனம் எவ்வளவு போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சனம் குறைய மாவட்டப் பங்கும் குறைந்தது, ஆனால் உயிரியல் படிக்கிற வெறி குறையவில்லை. அதனால்தான் இங்கே நெருக்கம். எழுபதுகளில் தரப்படுத்தலில் அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது மாவட்ட வெட்டுப்புள்ளியை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள், அது வேறு கதை, தொடங்கினால் விடியும்.

முக்கியமான விசயம்: முதற் பட்டியலோடு எல்லாம் முடிவதில்லை. தெரிவானவர்களில் சிலர் வெளிநாடு போவார்கள், சிலர் பதியாமல் விடுவார்கள், பிறகு வெற்றிடம் நிரப்பும்போது பட்டியல் இன்னும் கீழே இறங்கும். விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு அதுவும் ஒரு வாசல். ஆகவே முதல் நாள் பெயர் இல்லை என்றால் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டாம். அதேபோல் வேறு கற்கைநெறி ஏதாவது கிடைத்து, அதற்குப் பதியலாமா என்று யோசிக்கிற நிலை வந்தால், ஆணைக்குழுவின் கைந்நூலில் பதிவு பற்றிய பகுதியை வரிக்கு வரி வாசித்துவிட்டுப் பதியுங்கள். ஒரு இடத்துக்குப் பதிந்த பிறகு மறுபடி விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ரியூசன் வாசலில் கேட்ட கதையை நம்பிக் கையெழுத்து வைக்கக் கூடாது.

மானிப்பாய்_ரவுண்:

எல்லாரும் திட்டப் போகிறீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். மூன்றாம் தரம் எழுதி எழுதியே இளமை போகிறது. யாழ் பல்கலைக்கழகத்திலேயே தாதியம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது, கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. வீட்டுச் சாப்பாடு, வீட்டுப் படுக்கை. டொக்டர் என்று கலியாணச் சந்தையில் விலை பேசத்தானே இவ்வளவு பாடும்?

கராப்பிட்டிய_அக்கா:

மானிப்பாய் ரவுண், கலியாணச் சந்தையை நீங்களே பாருங்கள், பிள்ளை கேட்டது வேறு.

தங்கச்சி, நான் வடமராட்சி, இப்போது காலியில் நாலாம் வருடம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலாவது, றுகுணு என்றதும் பல வீடுகளில் மாத்தறையில் றூம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தலைமை வளாகம்தான் மாத்தறை வெல்லமடமவில். மருத்துவ பீடம் காலியில், கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். இரண்டும் வேறு வேறு ஊர். அழைப்புக் கடிதம் கையில் வராமல் ஒருவருக்கும் முற்பணம் கொடுக்காதேயும்.

பாதை தூரம்தான், அதை மறைக்க முடியாது. இரவு பஸ்ஸிலோ தபால் ரயிலிலோ கொழும்பு, அங்கேயிருந்து கோட்டையில் கரையோர ரயில், அல்லது மாக்கும்புர போய் அதிவேகப் பாதை பஸ். அதிவேகப் பாதையால் போனால் காலி சுருக்கென்று வந்துவிடும், உயிர் போவது கொழும்பு வரைக்கும்தான். ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்கு வரலாம் என்ற எண்ணத்தை இப்பவே விட்டுவிடும். நீண்ட விடுமுறைக்கு ரயில் ஆசனம் முன்கூட்டிப் பதியாவிட்டால் நின்றுகொண்டுதான் வருவீர்.

சிங்களம். இதுதான் உமக்கு நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய விசயம், றூமை விடவும் பெரிது. விரிவுரை எல்லாம் ஆங்கிலம், அது தமிழ் மொழியில் உயர்தரம் எழுதின எங்களுக்கும் கஷ்டம், சிங்களத்தில் எழுதினவர்களுக்கும் அதே கஷ்டம், முதல் சில மாதம் எல்லாரும் ஒரே மாதிரி முழிப்போம். ஆனால் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகத் தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். நோயாளி சிங்களத்தில்தான் பேசுவார், அதுவும் தென்பகுதிக் கிராமத்துச் சிங்களம், புத்தகத்துச் சிங்களம் அல்ல. எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா என்று கேட்டு, அவர் சொல்கிற பதிலை விளங்கி, அதைப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் ஒப்புவிக்க வேண்டும். முதல் இரண்டு வருடத்தை விடுதியில் தமிழ் ஆட்களோடு மட்டும் சுற்றிக் கழித்தவர்கள் அந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். பேச்சுச் சிங்களத்தை இப்பவே தொடங்கும், எழுத்து பிறகு வரும். இதே கஷ்டத்தை யாழ்ப்பாணத்துக்கு வருகிற சிங்களப் பிள்ளைகளும் தமிழோடு படுகிறார்கள், யாழ் ஆஸ்பத்திரி வாட்டில் போய்ப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, காலியில் தமிழ் பேசுகிற முஸ்லிம் ஆட்கள் இருக்கிறார்கள், தெனியாய, எல்பிட்டியப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ் நோயாளிகள் வருவார்கள். அந்த நேரம் முழுக் குழுவும் உம்மைத் தேடும்.

மழை. எங்களுக்கு மழை ஐப்பசி கார்த்திகையில், அங்கே வைகாசியிலிருந்து. உடுப்பு காயாது, சப்பாத்து பூஞ்சணம் பிடிக்கும். பருத்தி உடுப்பு நிறையக் கொண்டு போக வேண்டாம். சாப்பாட்டில் மீன் தாராளம், கொறுக்காய் போட்டு வைக்கிற அம்புல் தியல் எனக்கு இப்போது வீட்டு மீன்குழம்பை விடப் பிடிக்கும், அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆனால் தூள் மட்டும் எங்கள் தூள்தான், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு போத்தல், பருத்தித்துறை வடை ஒரு பை. வடை உமக்கு மிஞ்சாது.

புத்தகம் ஒன்றும் வாங்காதேயும். எலும்பு செற், உடற்கூற்றியல் புத்தகம் எல்லாம் மூத்த ஆட்களிடமிருந்து கைமாறும்.

ஓய்வு_வாத்தியார்:

காலியில் தமிழ் புதிதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409இல் எழுதுவித்த கல்வெட்டு 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது. சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் அதில் உண்டு, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அம்மாவின் அழுகை நிற்காது, ஆனால் கதை மாறும்.

கோப்பாய்_அம்மா:

நான் பிள்ளையின் அம்மாவுக்காக எழுதுகிறேன். என் மகன் அனுராதபுரம், ரஜரட்ட மருத்துவ பீடம். நாங்களும் வீடு எடுத்து நான் கூடப் போய் இருப்பது என்றுதான் முதலில் கதைத்தோம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தோம், இரண்டு வீட்டு வாடகை, இரண்டு அடுப்பு, இங்கே மற்றப் பிள்ளை ஓ.எல். அதை விடுங்கள், தாய் பக்கத்தில் இருந்தால் பிள்ளை வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடும், ஆட்களோடு பழகாது, அக்கா சொன்ன சிங்களமும் வராது. பீடத்து விடுதியில் முதல் வருடத்துக்கு முன்னுரிமை கொடுப்பார்கள், வீட்டுத் தூரத்தையும் பார்ப்பார்கள், சுன்னாகத்திலிருந்து காலி என்றால் யோசிக்கவே தேவையில்லை. பதிந்து கூட்டிப்போய் விடும்போது நீங்களும் போய் இரண்டு மூன்று நாள் நின்று இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், அதோடு மனம் ஆறும்.

பகிடிவதை பற்றி அம்மா கட்டாயம் கேட்பா. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், பிணை எடுப்பதும் லேசில்லை. முறைப்பாடு செய்ய ஆணைக்குழுவிலும் வழி உண்டு. பிள்ளை ஒன்றையும் மறைக்காமல் வீட்டில் சொல்கிற பழக்கம் இருக்க வேண்டும், நீங்களும் சொன்னதும் ஊரைக் கூட்டாமல் கேட்க வேண்டும்.

இப்போது சும்மா இருக்கிற நேரத்தில் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் புதுப் பிரதி, பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம சேவகர் உறுதிப்படுத்தல், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் எடுத்து ஒரு கோவையில் வையுங்கள். மகாபொல, பேசரி என்ற உதவித்தொகை இரண்டுக்கும் வருமான விபரம் கேட்பார்கள். கடிதம் வந்த பிறகு பதிவுக்குத் தருகிற நாள் குறைவு, அந்த நேரம் பார்த்துப் பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் லீவில் நிற்பார்.

சுன்னாகம்_பயோ:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. அப்பாவுக்குக் கோப்பாய் அம்மா எழுதியதை வாசித்துக் காட்டினேன், வீட்டுக் கதையை இப்போதைக்கு விட்டுவிட்டார். கோவை தொடங்கியாயிற்று. படிப்பைப் பற்றி முடிவு இதுதான்: பட்டியல் வரும்வரைக்கும் காலையில் பழைய வினாத்தாள், பின்னேரம் சிங்களம். மானிப்பாய் ரவுண் சொன்னதையும் யோசித்தேன், மருந்தகவியலும் விருப்பு ஒழுங்கில் கீழே இருக்கிறது, அது வந்தால் கைந்நூலை வாசித்துவிட்டு மறுபடி இங்கே வந்து கேட்பேன்.

ஒரு சந்தேகம். பேச்சுச் சிங்களம் மட்டும் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு சுன்னாகம், மருதனார்மடம் பக்கம் இருக்கிறதா? விசாரித்த இடமெல்லாம் அரச உத்தியோகத்தருக்கான சோதனை வகுப்புத்தான், முழுக்க இலக்கணம்.

கராப்பிட்டிய_அக்கா:

வகுப்பைத் தேடி நாளை வீணாக்காதேயும். யாழ் மருத்துவ பீடத்தில் படிக்கிற சிங்களப் பிள்ளைகள் தமிழ் பழக ஆள் தேடுவார்கள். உமது பாடசாலை அக்காமார் யாராவது அங்கே இருப்பார்கள்தானே, அவர்கள் மூலம் ஒரு பெண்பிள்ளையைப் பிடியும். கிழமையில் இரண்டு பின்னேரம், பாதி நேரம் அவளுக்குத் தமிழ், பாதி நேரம் உமக்குச் சிங்களம். காசும் மிச்சம்.