ஆலைகள் வந்து நூறு வருடம் கழித்துத்தான் தொழிற்கட்சி வந்தது, ஏன்?

வைகைக்கரை:
பிரிட்டனில் நூற்பாலைகள் 1770-களிலேயே வந்துவிட்டன. ஆனால் தொழிலாளர்களுக்கென்று ஒரு கட்சி 1900-இல்தான் முளைக்கிறது. இடைப்பட்ட நூறு வருடமும் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். புத்தகத்தில் தொழிற்புரட்சியின் விளைவாகத் தொழிற்கட்சி தோன்றியது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது போதவில்லை.

பழைய ஏடு:
சும்மா இருக்கவில்லை நண்பரே, ஓட்டு இல்லை. 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் ஆலை முதலாளிக்கு ஓட்டுக் கொடுத்தது, ஆலைக்குள் வேலை பார்த்தவரை வெளியே நிறுத்தியது. அந்த ஏமாற்றத்தில், தொழிலாளர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று எழுந்ததுதான் சார்ட்டிஸ்ட் இயக்கம். 1839, 1842, 1848 என்று மூன்று முறை லட்சக்கணக்கான கையெழுத்தோடு மனு கொடுத்தார்கள், மூன்றையும் நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. நகரத் தொழிலாளர் பலருக்கு 1867-இலும், சுரங்கக் கிராமங்களுக்கு 1884-இலும்தான் ஓட்டு வந்தது. அதுவும் ஆண்களுக்கு மட்டும், ஆண்களிலும் எல்லோருக்கும் இல்லை.

ஓட்டு வந்த பிறகும் தனிக்கட்சி வேண்டும் என்று பெரும்பாலான சங்கங்கள் நினைக்கவில்லை, லிபரல் கட்சியோடு ஒட்டிக்கொண்டே காரியம் பார்க்கலாம் என்றுதான் நம்பினார்கள். எம்.பி.க்கு 1911 வரை சம்பளம் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். கூலிக்காரர் லண்டனில் போய் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்?

அவர்களை உலுக்கியது ஒரு வழக்கு. 1900-இல் தெற்கு வேல்ஸில் டாஃப் வேல் ரயில் கம்பெனியில் வேலைநிறுத்தம் நடந்தது. நஷ்டத்தைச் சங்கமே கட்ட வேண்டும் என்று கம்பெனி வழக்குப் போட, 1901-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டஈடு மட்டும் 23,000 பவுண்டு, உறுப்பினர்கள் வாராவாரம் பென்னி பென்னியாகக் கட்டிய சந்தாப் பணம்! இனி எந்தச் சங்கமும் துணிந்து வேலைநிறுத்தம் செய்ய முடியாது என்று ஆனது. அதுவரை ஒதுங்கி நின்ற சங்கங்கள் புதுக் கட்சியில் மளமளவென்று சேர்ந்தன. 1906-இல் 29 எம்.பி.க்கள் வந்தார்கள், அதே ஆண்டு அந்தத் தீர்ப்பை முறியடிக்கும் சட்டமும் வந்தது. ஆகவே என் பதில்: கட்சியை வளர்த்தது ஆலை அல்ல, நீதிமன்றம்.

கரிச்சான்:
நீதிமன்றம் மட்டும் என்று சொல்வதை ஏற்க மாட்டேன். கட்சியை முன்னின்று உருவாக்கிய கெய்ர் ஹார்டி பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். காற்றோட்டக் கதவைத் திறந்து மூடிக்கொண்டு இருட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அந்த அனுபவம் இல்லாமல் அந்தக் கட்சி இல்லை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 1947 ஜனவரி 1 அன்று தொழிற்கட்சி அரசு சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியது, மக்கள் சார்பில் நடத்தப்படுகிறது என்று ஒவ்வொரு சுரங்கத்திலும் பலகை வைத்தார்கள். இருபது வருடத்துக்குள் எண்ணெய் மலிவாகி, ரயில்கள் நீராவியை விட்டு டீசலுக்கு மாறின. ஹெரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசே 200-க்கும் மேற்பட்ட சுரங்கங்களை மூடியது. அப்போது வேறு வேலை கிடைத்தது. கன்சர்வேட்டிவ் பிரதமர் தாட்சர் மூட வந்த 1984-இல் வேறு வேலை இல்லை, அதனால்தான் வேலைநிறுத்தம் ஒரு வருடம் நீண்டது, தோற்றும் போனது. முன்னாள் சுரங்கத் தொழிலாளி டென்னிஸ் ஸ்கின்னர் தொழிற்கட்சிக்காக 1970 முதல் ஜெயித்துவந்த போல்சோவர் தொகுதியை 2019-இல் கன்சர்வேட்டிவ் கட்சி பிடித்தது. அப்போது அங்கே சுரங்கம் எதுவும் மிச்சமில்லை.

பெரம்பூர்க்காரன்:
டாஃப் வேல் கதை நம்ம ஊரிலும் நடந்தது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது, திரு.வி.க.வும் அதில் இருந்தார். 1920-இல் பக்கிங்காம் கர்நாடிக் மில் தகராறில், மில்லை நடத்திய பின்னி நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றம் போய் வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் தடையாணை வாங்கியது. கடைசியில் வாடியா சங்கத்தை விட்டு விலகினால்தான் சமரசம் என்று ஆனது. பிரிட்டனில் இப்படி நடந்தபோது தொழிலாளர்கள் ஓட்டை எடுத்துக் காட்டினார்கள். இங்கே சொத்தும் வரியும் பார்த்துத்தான் ஓட்டு, மில் தொழிலாளி பெரும்பாலும் பட்டியலிலேயே இல்லை. 1921-இல் மத்திய சட்டசபையில் சங்கங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் கேட்ட தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷிகூட அரசு நியமித்த உறுப்பினர்தான். சட்டம் 1926-இல் வந்தது, பாதுகாப்பு பதிவு செய்த சங்கங்களுக்கு மட்டும்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி. 1920 தடையாணை என் பாடப்புத்தகத்தில் இல்லவே இல்லை, குறித்துக்கொண்டேன்.