டோக்கியோவில் நீண்டகால ஊழியம்: போய்ப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

திருநெல்வேலிச் சகோதரர் ஒருவர் எழுதுவது:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வெளிநாட்டு நகரம் ஒன்றில் நெடுங்காலம் ஊழியம் செய்ய அழைப்பு இருப்பதாக உணரும் குடும்பத்தினர், முடிவெடுக்கும் முன் அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று இங்கே கேட்கப்பட்டிருந்தது. எங்கள் சபையின் மிஷனரி குழு செலவை ஏற்றுக்கொண்டதால், நானும் என் மனைவியும் டோக்கியோவில் சில வாரங்கள் தங்கி வந்தோம். அங்கே சந்தித்தவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான் என்பதைக் கன்வென்ஷன் மேடைகளில் கேட்டுக் கண்கலங்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அந்தக் கணக்கு அந்நகரத்தின் தேவையைச் சொல்லுமே தவிர, அங்கே நாம் தேவையா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜப்பானிய விசுவாசிகள்தாம். நம் ஜெபக்கூட்டங்களில் அவர்களைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

முதல் ஞாயிறன்று நாங்கள் போன சபை, குடியிருப்புத் தெரு ஒன்றில், வீடுகளுக்கு நடுவே வீட்டைப் போலவே இருந்தது. வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, வரிசையாக வைத்திருந்த செருப்புகளில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். கையில் கொடுத்த வாரத்தாளில் அன்றைய பாட்டு எண்களோடு, முந்தைய வாரம் ஆராதனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும் காணிக்கைத் தொகையும் அச்சாகியிருந்தன. இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். ஆராதனைக்குப் பின் எல்லாரும் மேசைகளை இழுத்துப் போட்டு, சோற்றின் மேல் குழம்பு ஊற்றிய கறி ரைஸை ஆளுக்கு ஒரு தட்டு சாப்பிட்டார்கள். இந்தியர்களுக்கு இந்தக் கறி பிடிக்குமா என்று கவலையோடு கேட்ட மூதாட்டியிடம், இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுத்தான் பதில் சொல்ல முடிந்தது.

போதகர் எங்களை வெளியே அழைத்துப் போய் அறிவிப்புப் பலகையின் அடியில் இருந்த ஒரு வரியைக் காட்டினார். இந்தச் சபைக்கு, கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற மத அமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழு டோக்கியோவின் சுரங்க ரயில்களில் சாரின் நச்சுவாயுவைப் பரப்பியதிலிருந்தே, வாசலில் வந்து மதம் பேசுகிறவர்கள் என்றால் மக்களுக்கு அச்சம். 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டுக்கொன்றவர், தம் தாய் யூனிஃபிகேஷன் சர்ச்சுக்குப் பெருந்தொகைகளைக் கொடுத்துக் குடும்பம் நொடிந்துபோனதைக் காரணமாகச் சொன்ன பிறகு, அந்த அச்சம் காணிக்கைப் பையைப் பார்த்தாலே எழும் சந்தேகமாகவும் வளர்ந்துவிட்டது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. இந்தச் சூழ்நிலையில் ரயில் நிலைய வாசலில் நின்று துண்டுப்பிரதி கொடுக்கும் வெளிநாட்டவர், சபைக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு அந்தப் போதகரின் வேலையைக் கடினமாக்கிவிடுகிறார். போதகர் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. "இந்தத் தெருவில் என்னை எல்லாருக்கும் தெரிவதற்குப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின" என்று மட்டும் சொன்னார்.

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் புங்க்கியோ வட்டத்தின் கோஹினாத்தா பகுதிக்கு ஒரு மாலை நடந்து போய்வர வேண்டும் என்பது என் கருத்து. கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில், பிடிபட்ட குருமாரை அடைத்துவைத்த கிரிஷித்தான் யஷிக்கி என்ற வளாகம் அங்கேதான் இருந்தது. இப்போது வீடுகளுக்கு நடுவே ஒரு நினைவுக்கல் மட்டும் நிற்கிறது. இத்தாலியக் குருவான ஜொவான்னி பத்திஸ்தா சிதோத்தி, சாமுராய் உடையணிந்து 1708-இல் யக்குஷிமா தீவில் தனியாக இறங்கினார். பிடிபட்டு எதோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, கொண்டுவரப்பட்ட அவரை அராய் ஹகுசெகி என்ற அறிஞர் விசாரித்தார். அவரது கல்வியைக் கண்டு வியந்த ஹகுசெகி, உயிரோடு காவலில் வைக்கலாம் என்றார். ஊழியம் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. அவருக்குப் பணிவிடை செய்த சோசுகே, ஹரு என்ற தம்பதியர் தாங்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டதைத் தாங்களே அறிவித்தபோது, சிதோத்தி நிலவறையில் தள்ளப்பட்டு 1714-இல் இறந்தார். அந்த இடத்தில் 2014-இல் நடந்த அகழாய்வில் மூவரின் எலும்புகள் கிடைத்தன. மரபணுச் சோதனையில் அவற்றுள் ஒருவர் இத்தாலியர் என்று தெரியவந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்து, சிறைக்குள்ளேயே ஆண்டுகளைக் கழித்தவருக்குக் கிடைத்தவர்கள் இரண்டு பேர். நம் ஊரின் எந்த மிஷனரி அறிக்கையிலும் இந்த எண்ணிக்கைக்கு இடம் கிடைக்காது.

பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேனாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உடலையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். வெள்ளாளன்விளையில் பிறந்த அவர் அன்று கேட்கும் இடத்தில் நின்றார். டோக்கியோவுக்குப் போகும்போது நாம் கொடுக்கும் இடத்தில் நிற்பதாக எண்ணிக்கொள்கிறோம். அந்த எடின்பரோப் பேச்சு இப்போது நமக்கே சொல்லப்பட்டதாகிறது.

விசா விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மதப்பணிக்கென்று ஜப்பானில் தனி வசிப்புரிமை உண்டு. வெளிநாட்டு மத அமைப்பு ஒன்றால் அனுப்பப்பட்டவராக இருக்க வேண்டும். அது ஐந்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு, மூன்று மாதம் என்ற கால அளவுகளில் வழங்கப்படுகிறது. நம் சபைகளில் எது அனுப்பும் அமைப்பாகக் கணக்கில் கொள்ளப்படும், யார் கையெழுத்திடுவார் என்பதை ஊரிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது.

நிஷி-கசாயில் வசிக்கும் சகோதரி எழுதுவது:

அண்ணன் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எதோகவா வட்டத்தில் நாங்கள் இருக்கும் இந்தப் பகுதியில் கணினித் துறைக்காக வந்த இந்தியக் குடும்பங்கள் ஏராளம், தமிழர்களும் உண்டு. ஊழியத்திற்கு இடம் பார்க்க வருகிற நம்மவர்களில் பலர் நேராக எங்கள் வீடுகளுக்கு வந்து, இட்லி சாப்பிட்டு, வீட்டு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கம் செய்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எங்களுக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் அவர்கள் பார்த்தது டோக்கியோ அல்ல. மொழி புரியாவிட்டாலும் ஜப்பானிய ஆராதனையில் தொடர்ந்து சில ஞாயிறுகள் உட்கார்ந்தால்தான், இங்கே ஆயுள் முழுவதும் உட்கார முடியுமா என்பது தெரியும்.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கணவரை இழந்த ஒரு பாட்டி இருக்கிறார். என் மகளுக்குக் காகித மடிப்பு சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதில் பழக்கம். பிறகு என்னோடு அருகிலிருந்த சபைக்கு வரத் தொடங்கி, பாட்டுகளை விரும்பிப் பாடினார். ஞானஸ்நானம் பற்றிப் போதகர் மெதுவாகக் கேட்டபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. ஒருநாள் வீட்டுக்குள் அழைத்துப்போய், கணவரின் படம் வைத்து, இறந்தவருக்குப் படைக்கும் சிறு பீடத்தைக் காட்டினார். சின்னக் கிண்ணத்தில் அன்று காலை வைத்த சோறும், பக்கத்தில் தண்ணீரும் இருந்தன. "நான் கிறிஸ்தவள் ஆகிவிட்டால் இவருக்கு யார் வைப்பார்கள்? நான் செத்தால் என்னை எங்கே வைப்பார்கள்?" என்று கேட்டார். முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இரண்டாம் கேள்விக்குப் போதகரிடம் இருந்தது. இங்கே பல சபைகள் ஒன்றாக அஸ்தி வைக்கும் பொதுக் கல்லறை ஒன்றை வைத்திருக்கின்றன. அவர் பாட்டியை ரயிலில் கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தைக் காட்டினார், அங்கே இருப்பவர்களின் பெயர்களை வாசித்துக் காட்டினார். பாட்டி இன்னும் முடிவெடுக்கவில்லை. அடக்கத்தை நடத்த அப்போது இங்கே இருப்போம் என்று சொல்லத் துணிகிறவர்தான் இந்தப் பேச்சைத் தொடங்கலாம். இரண்டாண்டுத் திட்டத்தோடு வருகிறவர் தொடங்காமல் இருப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணி ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எழுதுவது:

ஆங்கில வகுப்பு நடத்தினால் ஆட்கள் வருவார்கள் என்று சிலர் சொல்வார்கள். வருவார்கள், ஆங்கிலத்திற்காக. அதைவிட, மினாமி-சென்ஜு நிலையத்துக்கு அருகே, சான்யா என்று இன்றும் மக்கள் அழைக்கும் பகுதிக்குப் போய், அங்கே உணவு வழங்குகிறவர்களோடு சேர்ந்து பாத்திரம் கழுவலாம். கட்டட வேலைக்கு அன்றாடக் கூலியாக வந்து முதுமையடைந்த ஆண்கள் தனித்தனி அறைகளில் வாழும் பகுதி அது. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் கோபேயிலிருந்து டோக்கியோவுக்கு வந்து ஹொஞ்ஜோவில் நிவாரணப் பணி செய்த ஜப்பானியக் கிறிஸ்தவ ஊழியர் ககாவா தொயோஹிகோவின் வழியில் வந்தவர்களை அங்கே காணலாம். பாத்திரம் கழுவ மொழி அதிகம் வேண்டாம்; அங்கே நிற்பவர்கள் உங்களைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள், நீங்களும் அவர்களைக் கவனிக்கலாம்.

முதல் சகோதரரின் பதில்:

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி. சான்யாவுக்கு இந்த முறை போகவில்லை. இப்போது நாங்கள் எண்ணியிருப்பது, மதப்பணி விசாவுக்கு விண்ணப்பிக்காமல், மொழிப்பள்ளி மாணவர்களாகப் போய் அதிகபட்சமான இரண்டாண்டுகளையும் ஜப்பானிய மொழிக்கே கொடுத்து, அந்தப் போதகரின் சபையில் சாதாரண உறுப்பினர்களாக இருப்பது. அவரிடம் கடிதத்தில் கேட்டோம். வரலாம், முதல் வருடம் உங்களைப் பிரசங்கம் செய்யச் சொல்ல மாட்டேன் என்று பதில் எழுதியிருக்கிறார். இதை மிஷனரி குழுவிடம் வைத்தபோது, முதலாண்டு அறிக்கையில் எத்தனை ஆத்துமாக்கள் என்று எழுதுவீர்கள் என்று ஒரு மூப்பர் கேட்டார். ஜப்பானிய எழுத்துத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணை எழுதுவோம் என்றேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள்.