மதிப்பா, பெறுமதியா, அருமையா? – ‘மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

மா. க. (இண்டியானா):

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ஏழாம் நிலை மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி ஒன்று வைத்திருக்கிறேன். பிடித்த அணியிலிருந்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, அணிக்கு யாரால் எவ்வளவு பயன் என்று வரிசைப்படுத்திக் காரணத்தோடு எழுத வேண்டும். பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கால்பந்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை. அதிலும் 2006 பருவத்து அணி. அவர்கள் பிறப்பதற்கு முந்தைய கதைதான், ஆனால் இந்த ஊரில் பெரியவர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள்.

தலைப்பில் சிக்கல் வந்துவிட்டது. ‘சிறந்த வீரர்கள் ஐவர்’ என்று நான் கொடுத்ததை ஒரு மாணவி ஏற்கவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர் பாப் சாண்டர்ஸ் அந்தப் பருவத்தின் முறை ஆட்டங்களில் நான்கில்தான் ஆடினார், அவரைச் சிறந்தவர் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது, ஆனால் அவர் இல்லாமல் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கோப்பை வந்திருக்காதே என்கிறாள். அவள் சொல்வது சரி. அந்த ஆண்டு, எதிரணியினர் பந்தை ஏந்தி ஓடும் ஓட்டத் தாக்குதலைத் தடுப்பதில் லீகிலேயே கடைசி இடம் கோல்ட்ஸுக்கு. ஆட்டத்துக்குச் சராசரியாக 173 யார்டு விட்டுக்கொடுத்தார்கள். சாண்டர்ஸ் திரும்பி வந்ததும் முறை ஆட்டங்களுக்குப் பின் வரும் பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டியை 44 யார்டில் நிறுத்தினார்கள்.

ஆக, ‘சிறந்த’ வேறு, ‘வேல்யுபிள்’ வேறு. இரண்டாவதற்கு நல்ல தமிழ்ச் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு பயிற்சித்தாளை அச்சிடுகிறேன்.

---

ந. பா. (சென்னை):

அம்மா, செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. ‘ஆட்ட நாயகன்’, ‘தொடர் நாயகன்’ ஆகியவை எப்போதோ நிலைத்துவிட்டன. எம்விபி (மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்) விருதை ‘மதிப்புமிக்க வீரர்’ என்றே எழுதுகிறோம், எந்த வாசகரும் பொருள் கேட்டு எழுதியதில்லை. கலைச்சொல்லாகச் சுருங்க வேண்டுமானால் ‘மதிப்புமிகு வீரர்’. ‘ரேங்கிங்’ என்பதற்குத் தரவரிசை. முடிந்தது.

---

இரா. தெ. (திருநெல்வேலி):

நண்பர் ந. பா. ‘முடிந்தது’ என்று எழுதிய இடத்திலிருந்து தொடங்குகிறேன். மதித்தல் என்றால் அளவிடுதல், அதன் வழியே பெருமைப்படுத்துதல். மதிப்பு, மதிக்கிறவனிடம் இருப்பது. மதிக்கப்படுகிறவனிடம் இருப்பது அன்று. ஊரில் மதிப்புமிக்கவர் என்றால் மரியாதைக்குரியவர். அந்த மாணவி கேட்பது மரியாதையைப் பற்றியா?

பொருளிடத்திலேயே உறையும் சிறப்புக்கு நம்மிடம் ‘விழுமம்’ இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் விழுமத்துக்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என்று மூன்று பொருள் தருகிறது. சாண்டர்ஸின் கதையைப் பாருங்கள். காயத்தால் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தவர். திரும்பி வந்தபோது அணியின் சீர்மையே அவரால் மீண்டது. மூன்று பொருளும் ஒரே ஆளிடம் நிற்கின்றன! ஆதலால் ‘விழுமியர்’ என்பேன்.

‘மோஸ்ட்’ என்பதற்கு ‘மிக’ தேடி அலைய வேண்டாம். தமிழில் உயர்வின் படிநிலையைத் தலை, இடை, கடை என்று சொல்வதே மரபு. வள்ளல்களையே தலையெழுவர், இடையெழுவர், கடையெழுவர் என்று பிரித்தவர்கள் நாம். எனவே தலைவிழுமியர், இடைவிழுமியர், கடைவிழுமியர்.

---

ந. பா.:

ஐயா, பன்னிரண்டு வயதுக் குழந்தை ‘கடைவிழுமியர்’ என்று எழுதினால் அணியிலேயே மோசமானவர் என்றுதான் யாரும் படிப்பார்கள். அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்பவர்கூட அணியின் ஐம்பத்து மூன்று பேரில் முதல் ஐந்துக்குள் வருபவர்.

---

சி. யோ. (டொரன்டோ):

எல்லோருக்கும் வணக்கம். இலங்கைத் தமிழில் இதற்குத் தயாராக ஒரு சொல் இருக்கிறது: பெறுமதி. தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி என்பீர்கள், எங்களுக்கு அது பெறுமதி சேர் வரி. ‘பெறுமதிமிக்க வீரர்’ என்றால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உடனே விளங்கும். மரியாதை என்ற சாயல் அதில் கிடையாது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 1994 முதல் அந்த லீகில் ஊதிய உச்சவரம்பு இருக்கிறது. ஒருவருக்குக் கூடக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும். ஆகவே கொடுத்த காசுக்கு ஒருவரிடம் என்ன பெற்றோம் என்பதும் வேல்யூதான். சென்டராக ஆடிய கோல்ட்ஸின் ஜெஃப் சாட்டர்டேயை, அணிகள் முறைவைத்துப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. சூப்பர் பவுலில் 113 யார்டு ஓடிய டாமினிக் ரோட்ஸையும் எடுக்கவில்லை. அன்றைய எம்விபி விருது, பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங்குக்குப் போனது. ரோட்ஸுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று இன்றும் சொல்வோர் உண்டு. மதிப்பு மானிங்குக்கு, பெறுமதி ரோட்ஸுக்கு என்று இரண்டு சொல்லால் பிரித்துக் காட்டலாமே.

---

இரா. தெ.:

பெறுமதி நல்ல சொல். ஆயினும் அதன் ஈற்றில் நிற்கும் ‘மதி’ எது என்று பார்த்துவிட்டே எடுக்க வேண்டும். ஏற்றுமதி, இறக்குமதி, பெறுமதி மூன்றிலும் வினைப்பகுதியோடு ‘மதி’ ஒட்டுகிறது. வெகுமதியில் உள்ளது ‘பஹுமதி’ என்ற வடசொல்லின் ஈறு. அதை இவற்றோடு சேர்க்கக் கூடாது. முதல் மூன்றில் உள்ளதைத் தமிழ் ‘மதித்தல்’ என்றே கொள்கிறேன்: ஏற்றியதற்கு மதிப்பிட்டது ஏற்றுமதி, பெறத்தக்கதற்கு மதிப்பிட்டது பெறுமதி. அப்படியானால் பெறுமதிக்குள்ளும் நான் மறுத்த மதிப்பே குடியிருக்கிறது.

வருமானம், பெறுமானம், கட்டுமானம் ஆகியவற்றில் வரும் ‘மானம்’ அளவைக் குறிக்கும் வடசொல் என்பார் உண்டு. ஆனால் படிமானம், தேய்மானம் எல்லாம் உழவரும் தட்டாரும் நெடுங்காலமாகப் புழங்கிய சொற்கள். தட்டார் பட்டறையில் தேய்மானத்துக்குத் தனிக் கணக்கே உண்டு. இதை விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

---

மா. க.:

ஐயா, தனி மடலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன். எனக்கு வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்.

---

கு. வே. (பெங்களூரு):

புள்ளியியல் கற்பிப்பவன் என்பதால் கருத்தின் பக்கத்திலிருந்து வருகிறேன். இந்த ஆட்டத்தை ஆராய்கிறவர்கள் வேல்யூ என்று சொல்லும்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆளை எடுத்துவிட்டுச் சாதாரண மாற்று வீரர் ஒருவரை அங்கே நிறுத்தினால் அணி எவ்வளவு இழக்கும்?

கோல்ட்ஸே இதற்குச் சோதனைச்சாலை. 2010இல் 10 வெற்றி, 6 தோல்வி. 2011இல் கழுத்து அறுவைச் சிகிச்சையால் மானிங் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அணி முதல் 13 ஆட்டங்களையும் தோற்று, 2 வெற்றி, 14 தோல்வியோடு முடித்தது. எதிர்ப்பக்கம் நியூ இங்கிலாந்தைப் பாருங்கள். 2007இல் முறை ஆட்டங்கள் 16ஐயும் வென்ற அணி. 2008இன் முதல் ஆட்டத்திலேயே அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு முழங்காலில் காயம். அவருக்குப் பதிலாக மேட் கேசல் ஆடினார், 11 வெற்றி வந்தது. அதனால் பிரேடி மானிங்குக்குக் குறைந்தவர் ஆகிவிடவில்லை. அணியின் மற்ற பாகங்கள் எவ்வளவு தாங்கின என்பதும் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. 2011இல் கோல்ட்ஸின் தற்காப்பும் தளர்ந்துதான் இருந்தது. எல்லாத் தோல்வியையும் மானிங்கின் கணக்கில் எழுத முடியாது.

இந்தக் கருத்தைத் தமிழ் என்றைக்கோ சொல்லிவிட்டது. உப்பின் அருமை உப்பில்லாவிட்டால் தெரியும், அப்பன் அருமை அப்பன் இல்லாவிட்டால் தெரியும். இல்லாதபோது தெரிவது மதிப்பும் அன்று, பெறுமதியும் அன்று, அருமை. எனவே ‘அருமை வரிசை’, ‘அருமைமிகு ஆட்டக்காரர்’.

---

ந. பா.:

கருத்து மிக நன்று. ஆனால் இன்று ‘அருமை’ என்றால் நன்று என்றுதான் பொருள். ‘அருமையான வீரர்’ என்று குழந்தை எழுதினால் ‘சிறந்த வீரர்’ என்றே ஆகும். எந்த வேறுபாட்டைக் காட்டப் புறப்பட்டோமோ அதையே இந்தச் சொல் அழித்துவிடும்.

---

கு. வே.:

தனிச்சொல்லில் தேய்ந்திருக்கலாம், தொகையில் தேயவில்லை. அரும்பொருள், அருங்காட்சியகம், அருஞ்சொற்பொருள் எல்லாவற்றிலும் கிடைத்தற்கு அரியது என்ற பொருள் உயிரோடு இருக்கிறது. ஆறாம் வகுப்புக் குழந்தைக்கும் அருஞ்சொற்பொருள் தெரியும். தேய்ந்த சொல்லை அதன் பொருளுக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் கலைச்சொல் ஆக்கத்தின் வேலைதானே?

---

சி. யோ.:

இல்லாமையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்றால் ‘இன்றியமையாத’ என்ற சொல் கண் முன்னே நிற்கிறது. ‘நீரின்றி அமையாது உலகு’ என்று வான்சிறப்பிலேயே படித்திருக்கிறோம். இன்றி அமையாது: அவர் இல்லையென்றால் அணி அமையாது. கு. வே. சொல்லும் சோதனை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ‘இன்றியமையா ஆட்டக்காரர்’.

---

இரா. தெ.:

அழகிய சொல், விழுமத்தைக்கூட இதன்முன் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அதில் அளவு இல்லை. ஒன்று இல்லாமல் அமையும், அல்லது அமையாது. இடைப்பட்ட நிலை கிடையாது. ‘மிக இன்றியமையாத’ என்று மேடைகளில் பேசுகிறார்கள், எனக்கு அது பிழையாகவே படுகிறது. வரிசையில் ஐவரை நிறுத்த வேண்டும் என்றால் ஏறி இறங்கும் பண்பு வேண்டும். அருமைக்கு அது உண்டு, இன்றியமையாமைக்கு இல்லை. பிரேடி இல்லாமல் 11 ஆட்டம் வென்றிருக்கிறார்களே, அப்போது அவர் இன்றியும் அமைந்தது என்றுதானே ஆகிறது?

---

ந. பா.:

எல்லோரும் ‘வேல்யூ’வுடனேயே நிற்கிறோம். மறுபாதியான ‘பிளேயர்’ என்பதையும் முடிவு செய்துவிடலாம். நான் வீரர் என்றேன், கு. வே. ஆட்டக்காரர் என்கிறார்.

---

சி. யோ.:

நாங்கள் கால்பந்தை உதைபந்தாட்டம் என்போம். அமெரிக்க ஆட்டத்தில் பந்தை உதைப்பவர் அணிக்கு ஓரிருவர்தான். அவர்களை அங்கே யாரும் வீரராக எண்ணுவதே குறைவு. ஆனால் அதே 2006 பருவத்தின் பிளேஆஃபில் பால்டிமோரைக் கோல்ட்ஸ் 15–6 என்று வென்றபோது அந்த 15 புள்ளிகளும் ஆடம் வினாட்டியேரியின் ஐந்து உதைகளில் வந்தவை. தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவரும் எல்லைக்கோட்டைத் தொடவில்லை. மாணவர்களின் ஐவர் பட்டியலில் அவர் இருக்கிறாரா?

---

கு. வே.:

லீகின் வரலாற்றிலேயே எம்விபி பெற்ற உதைப்பாளர் ஒருவர்தான், 1982இல் வாஷிங்டனின் மார்க் மோஸ்லி. வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டமாகச் சுருங்கிய பருவம் அது. தற்காப்பு ஆட்டக்காரர்கள் இருவர்: 1971இல் ஆலன் பேஜ், 1986இல் லாரன்ஸ் டெய்லர். 2013 முதல் குவார்ட்டர்பேக் அல்லாத எவருக்கும் அந்த விருது போகவில்லை. மாணவர்கள் தங்கள் அணிக்குள்ளேயே வரிசைப்படுத்துவதால் அந்தச் சாய்வைத் தவிர்க்கலாம். ‘ஆட்டக்காரர்’ என்று நான் எழுதியதும் அதற்காகவே. வீரம் மோதுகிறவனுக்கு என்று நினைத்துவிட்டால் உதைப்பாளர் பட்டியலுக்குள்ளேயே வர மாட்டார்.

---

மா. க.:

ஆட்டக்காரர் என்பதை ஏற்கிறேன். ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்துகிறது, ‘நாயகன்’ பொருந்தாது.

முதற்சொல்லுக்கு வருகிறேன். பெறுமதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வகுப்பில் பெரும்பாலானோர் வீட்டில் அந்தச் சொல் இல்லை. இலங்கைப் பின்னணியுள்ள இரு குழந்தைகளுக்கு மட்டும் தெரியும். அருமையை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எனக்கே ‘நன்று’ என்றுதான் காதில் விழுகிறது. அச்சுக்கு ‘மதிப்புமிகு ஆட்டக்காரர்’ என்று போடுகிறேன். கீழே ஒரு வரி விளக்கம் தருகிறேன்: ‘இவர் இல்லாவிட்டால் அணி எதை இழக்கும் என்பதை வைத்து வரிசைப்படுத்துக’. பெறுமதியை இணைச்சொல்லாக அடைப்புக்குறியில் சேர்க்கிறேன். யாருக்கும் மறுப்பு இருந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

---

ந. பா.:

மறுப்பில்லை. ‘மிகு ஆட்டக்காரர்’ வினைத்தொகை, நடுவில் ஒற்று வராது.

---

சி. யோ.:

பெறுமதியை அடைப்புக்குறிக்குள் வைப்பது எனக்கு உவப்பில்லை. எங்கள் பக்கம் பொது வழக்கில் உள்ள சொல்லைத் தமிழ்நாட்டுச் சொல்லுக்கு விளக்கமாக ஆக்குகிறீர்கள். சாய்கோடு போட்டு இரண்டையும் சமமாக வையுங்கள். மற்றபடி சம்மதம்.

---

மா. க.:

சாய்கோடே போடுகிறேன்.

---

கு. வே.:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் என் கருத்து மாறவில்லை. அம்மா கீழே சேர்த்த விளக்க வரியைப் படியுங்கள். அது ‘மதிப்பு’ என்ற சொல்லுக்கான விளக்கம் அன்று, அருமைக்கான விளக்கம். சொல் ஒன்றாகவும் விளக்கம் வேறாகவும் இருந்தால், விளக்கம் இல்லாத அடுத்த தாளில் குழந்தைகள் மறுபடியும் ‘சிறந்த’ என்பதற்கே போய்விடுவார்கள். என் பாடக் குறிப்புகளில் ‘அருமை வரிசை’ என்றே எழுதப்போகிறேன்.

ஒப்பிடும் அடிமட்டத்துக்கு, அதாவது எந்த அணியும் எளிதில் கொண்டுவரக்கூடிய அந்தச் சாதாரண ஆளின் திறனுக்கு, ‘மாற்று வீரர் மட்டம்’ என்று வைத்திருக்கிறேன். அதைத் தனி இழையில் பேசலாம்.

---

இரா. தெ.:

தனி இழை தொடங்குமுன் ஒன்று. ஆட்டக்காரர் என்று முடிவு செய்த பிறகு ‘மாற்று வீரர்’ எப்படி வந்தார்? ‘மாற்றாட்டக்காரர்’ என்று புணர்த்துங்கள். ‘மட்டம்’ தரக்குறைவு என்ற பொருளிலும் வழங்குகிறது, கொத்தனாரின் மட்டப்பலகையிலும் இருக்கிறது. எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ‘மதிப்புமிகு’ என்பதற்கு என் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விழுமியர் என்றே சொல்லியிருப்பேன். தேய்மானம் பற்றிய மடல் நாளை வரும்.