6,000 வெள்ளிக்குப் பதினைந்து பழைய குரோம்புக்கா, பிரிண்டரும் புரொஜெக்டருமா?

வயர்கூடை:
மலேசியா, சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி, 62 பிள்ளைகள். பிஐபிஜி (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கையில் 6,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. பழைய குரோம்புக் (கூகுள் குரோம்ஓஎஸ் மடிக்கணினி) ஒன்று 400 வெள்ளி, பதினைந்து வாங்கிடலாம் என்பது தலைமையாசிரியர் யோசனை. மை டாங்கி பிரிண்டர், புரொஜெக்டர், மிச்சத்துக்குத் தாள் என்று பெற்றோரில் பாதிப் பேர் கேட்கிறாங்க. ஆபீஸில் ஒரே ஒரு 4ஜி ரவுட்டர், சுத்திலும் செம்பனை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். காரணத்தோடு சொல்லுங்க.

பெரட்டுமணி:
குரோம்புக்தான், இதில் என்ன யோசனை? டெலிமா (கல்வி அமைச்சோட இணையக் கற்றல் தளம்) கணக்கு எல்லாப் பிள்ளைக்கும் இருக்கு. 'எம்'மில் தொடங்குற ஐடியைப் போட்டா கூகுள் கிளாஸ்ரூம் திறக்கும், காசு கிடையாது. லயத்துல (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) வீட்டுக்கு ஒரு கைப்பேசி, அதையும் அப்பா காலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம்) கொண்டு போயிடுவார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப தோட்டத்துப் பிள்ளைங்க எங்கே தவறிப் போனாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஆறு வருஷமும் கீபோர்டையே தொடாம இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பப் போறீங்களா?

வெண்கட்டி:
ஐயா, கணக்கு இருப்பது சரி. பாஸ்வர்டு யாரிடம் இருக்கிறது? பாடவேளை 30 நிமிடம். பெரிய எழுத்தும் எண்ணும் கலந்ததை முதலாம் ஆண்டுப் பிள்ளை அடித்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். ஒருவன் மறந்துவிட்டால் மாற்றித் தர வேண்டியவர் பள்ளியின் டெலிமா நிர்வாகி. 150 பிள்ளைகளுக்குக் குறைந்த எஸ்கேஎம் பள்ளியில் அந்த நிர்வாகியே பக்கத்து வகுப்பில் கணிதம் நடத்திக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, தளங்கள் மாறிக்கொண்டே இருக்கும். 1999இல் 88 பள்ளிகளில் 'பெஸ்தாரி' (திறன்பள்ளி) சோதனை, பிறகு ஃபிராக் விஎல்இ என்ற இணைய வகுப்புத் தளம், 2019 ஜூலையில் கூகுள் கிளாஸ்ரூம், 2020 ஜூனில் டெலிமா. ஃபிராக் என்ற அந்தத் தவளை தாவிப் போனதும் ஆசிரியர்கள் கட்டிவைத்த பக்கங்களில் தனியே எடுத்து வைக்காதவை அதோடு போயின.

லயத்துவாசல்:
ரெண்டு பேரும் சாமான் பக்கத்தை விட்டுட்டீங்க. பழைய குரோம்புக் வாங்குறவங்க காசு கொடுக்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்க்கணும்.

முதல்ல, செட்டிங்ஸ்ல 'அபவுட் குரோம்ஓஎஸ்' திறந்தா அப்டேட் எந்த மாசத்தோட முடியுதுன்னு போட்டிருக்கும். தேதி தாண்டினாலும் மிஷின் ஓடும், ஆனா பாதுகாப்புத் திருத்தம் வராது, கொஞ்ச நாள்ல சில தளம் திறக்காது. ரெண்டு வருஷத்துக்குக் குறைவா இருந்தா 400 வெள்ளி அதிகம்.

ரெண்டாவது, இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கடையிலேயே லாகின் திரையில கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட், ஆர் நாலையும் சேர்த்து அழுத்தி பவர்வாஷ் (உள்ளே இருக்குறதை முழுசா அழிக்கிறது) பண்ணச் சொல்லுங்க. வைஃபை போட்டதும் வேற ஏதோ நிறுவனத்தோட பேர் வந்து 'இந்தச் சாதனம் நிர்வகிக்கப்படுகிறது'ன்னு நின்னா, அந்தப் பழைய சொந்தக்காரர் விடுவிக்கிற வரைக்கும் அது வெறும் தட்டு. எத்தனை தடவை அழிச்சாலும் திரும்பி அங்கேயே வந்து நிக்கும்.

மூணாவது பேட்டரி. டயக்னாஸ்டிக்ஸ் செயலியில பேட்டரி ஆரோக்கியம் விழுக்காட்டுல தெரியும். 70க்குக் கீழன்னா காலையில ஏத்துனது மதியம் தாங்காது. டிசம்பர் விடுமுறைக்கு முழுசாத் தீர்ந்த நிலையில அலமாரியில போட்டுப் பூட்டினா ஜனவரியில எழுந்திருக்காது. பாதி சார்ஜ்ல வைக்கணும்.

அடுத்து நெட் லைன். 360பி தரக் காணொளிக்கு ஒரு மிஷினுக்கு ஏறக்குறைய 0.7 எம்பிபிஎஸ் நெட் வேகம் வேணும். பதினைஞ்சும் ஒரே நேரம் பார்த்தா பத்துக்கு மேல வேணும். செம்பனை மட்டை மழைத் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், மழை விட்ட காலையில சிக்னல் இன்னும் படுத்துடும். வேகத்தைக் காலை பத்து மணிக்கு, பிள்ளைங்க உட்கார்ற வகுப்புலயே அளந்து பாருங்க. ராத்திரி ஆபீஸ்ல அளக்குறது கணக்குல வராது. ரவுட்டரை இரும்பு அலமாரி மேலருந்து எடுத்து, டவர் இருக்குற பக்கத்து ஜன்னல்ல உயர வச்சாலே வித்தியாசம் தெரியும்.

பெரட்டுமணி:
லைன் இல்லாட்டி இறக்கி வச்சுக்க வேண்டியதுதானே! டிரைவ்ல கோப்பை ஆஃப்லைனுக்கு வச்சா வகுப்புல நெட் தேவையில்ல. தமிழ்ல கணிதம், அறிவியல் காணொளி யூடியூப்ல குவிஞ்சு கிடக்கு.

வெண்கட்டி:
குவிந்து கிடப்பதில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு எடுத்தவை. நான்காம் ஆண்டுக் கணிதத்தில் நம் பிள்ளை 100 000 என்று இடைவெளி விட்டு எழுதி 'நூறாயிரம்' என்று படிக்கிறான். காணொளியில் 1,00,000 என்று காற்புள்ளி போட்டு 'இலட்சம்' என்கிறார்கள். இடமதிப்புப் பாடத்தில் இந்த ஒன்று போதும், வகுப்பு முழுக்கக் குழம்ப. கணக்குகளில் ரூபாய், பைசா வேறு. ஆறு நிமிடக் காணொளியை முழுக்கப் பார்த்து எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் குறித்து வைக்காவிட்டால் போடாமலே இருக்கலாம்.

பழைய கேள்வித்தாளை ஏற்றலாம் என்பார்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடித்ததைக் கூகுள் டாக்ஸில் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், அல்லது அது அடித்த கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிட வேண்டும். கூகுள் ஃபார்ம்ஸில் சிறுவிடை வைத்தால் ஒரு புள்ளி விடுபட்டதற்கும் தவறு என்றே காட்டும். தமிழுக்குத் தெரிவு விடைதான் ஒத்துவரும்.

62 பிள்ளைகளுக்கு வாரம் 4 தாள், 40 வாரம் என்றால் 9,920 தாள், இருபது ரிம். ரிம் 13 வெள்ளி வைத்தாலும் ஆண்டுக்கு 260தான். இரண்டு பக்கமும் அடித்தால் அதிலும் பாதி. வகுப்புக்குப் பத்துப் பிள்ளை என்பதால் ரைசோ நகலெடுப்பானில் ஓட்டுவது நட்டம். ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு மாஸ்டர் தாள் போகும், இருபது முப்பது பிரதிக்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும்.

லயத்துவாசல்:
பிரிண்டர் சரி, புரொஜெக்டரை விடுங்க டீச்சர். லூவர் ஜன்னல், செம்மண் ரோடு. பில்டர்ல தூசி அடைச்சு சூடேறி அணையும், பகல் வெளிச்சத்துல படமும் வெளுத்துப் போகும். 50 அங்குல டிவியைச் சக்கர ஸ்டாண்டுல மாட்டினா வகுப்பு வகுப்பா தள்ளிக்கிட்டுப் போகலாம். காணொளியைப் பென் டிரைவ்ல போட்டா நெட்டே வேணாம்.

சிவப்புப்பேனா:
சாமானைப் பத்தியே பேசுறீங்க. தலைமையாசிரியர் எதைக் கேட்கிறார் என்பதில்தான் இது நிற்கும், விழும். ஒரு பாடத்துக்கு ஆர்பிஎச் (நாள் பாடத்திட்டம்) எழுதி, கிளாஸ்ரூமில் ஏற்றி, புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் படம் போட்டு, ஓபிஆர் (ஒரு பக்க அறிக்கை) ஒன்றும் தயாரிக்கச் சொன்னால், ஆசிரியர் குரோம்புக்கைப் படம் எடுக்க மட்டும்தான் திறப்பார். பதினைந்து பிள்ளை சிரித்தபடி திரையைப் பார்க்கிற அந்தப் படம், நமக்கெல்லாம் பழக்கமானது.

பெரட்டுமணி:
அண்ணே, பிபிடி (மாவட்டக் கல்வி அலுவலகம்) கேட்டா தலைமையாசிரியர் எதைக் காட்டுவார்? ஆதாரம் இல்லாம அவர் நாற்காலியில உட்கார முடியுமா? கீழே இருந்து பேசுறது சுலபம்.

சிவப்புப்பேனா:
ஆதாரம் வேண்டாம்னு சொல்லல. கிளாஸ்ரூமில் தலைமையாசிரியரை இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டால் என்ன ஏற்றினது, எத்தனை பேர் அனுப்பினது, எல்லாம் அவருக்கே தெரியும். அதையே ஆதாரமா எடுத்துக்கிட்டு ஓபிஆரைப் பெரிய நிகழ்ச்சிக்கு மட்டும் வைக்கட்டும். இதில் இன்னொரு லாபம்: ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் வகுப்பு பள்ளியோடு நிற்கும். பாடக் கோப்பைச் சொந்த ஜிமெயிலில் வைத்திருந்தால் அவரோடு லாரி ஏறிடும். புதுசா ஒன்றைச் சேர்க்கிற அன்றே எந்தப் படிவத்தை நிறுத்துறோம்னு கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்க. அது எழுதாத வரைக்கும் நான் வெண்கட்டி பக்கம்தான்.

வயர்கூடை:
கணக்குப் போட்டுப் பார்த்தேன். குரோம்புக் 5க்கு 2,000, பிரிண்டர் 700, டிவி 1,500, தாள் 260. மிச்சம் 1,540, பிரிண்டர் மைக்கும் டிவி ஸ்டாண்டுக்கும். இப்படிப் பிரிச்சா?

பெரட்டுமணி:
பத்துப் பிள்ளைக்கு அஞ்சு மிஷினா? கெட்டிக்காரன் தட்டுவான், மத்தவன் பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். எட்டுக்குக் குறைஞ்சா நான் கை தூக்க மாட்டேன்.

வெண்கட்டி:
ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் போதும், தட்டுகிறவன் பேசக் கூடாது, பக்கத்தில் இருப்பவன்தான் விடை சொல்ல வேண்டும். எட்டு வாங்கினால் மைக்கும் ஸ்டாண்டுக்கும் 340தான் மிஞ்சும். அதற்கு நான் கை தூக்க மாட்டேன்.

லயத்துவாசல்:
அஞ்சோ எட்டோ, சார்ஜரை எண்ணி வாங்குங்க. பழைய மாடல்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வகை உருண்டைப் பின் இருக்கும், ஒண்ணு போனா மத்தது சேராது. எல்லாம் டைப்-சி 45 வாட்டா கேளுங்க. எட்டும் சேர்ந்து 360 வாட், ஒரு 13 ஆம்ப் பிளக் தாராளமாத் தாங்கும். ஆனா எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் சொருகாதீங்க. கடைக்காரர்கிட்ட ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு ஒரு மிஷினைக் கொண்டு வரச் சொல்லி, எல்லார் முன்னாடியும் பவர்வாஷ் பண்ணச் சொல்லுங்க. வரமாட்டேன்னா வேற கடை பாருங்க.